பட்டறைக் கேள்வி–பதில்: மேசை நகர்ந்தால் ரோபோவுக்கு வழி தெரியுமா?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் நகரும் ரோபோ மேசையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். சக்கரம் வைத்த ஒரு மேசையில் ரோபோ கை, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, பொருளைப் பிடிக்கும் கிரிப்பர், உதிரித் தட்டு எல்லாவற்றையும் ஏற்றி, இன்று ஒரு இயந்திரத்துக்கும் நாளை வேறொன்றுக்கும் தள்ளிக்கொண்டு போகும் முறை அது. அதற்கு வந்த கடிதங்களால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கிவிட்டேன். 27 ஆண்டுகளாகக் கோவையில் ஜிக், பிக்ஸ்சர், பிறகு ரோபோ அமைப்பு என்று இதே வேலையில் இருக்கிறேன். என் கையால் செய்து பார்த்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்களிடம் மூன்று சிஎன்சி லேத்கள் (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள்) இருக்கின்றன. பம்ப் உதிரிபாகம் செய்கிறோம். எந்த ஜாப்பும் மாதத்தில் பத்து நாளுக்கு மேல் ஓடாது. ஒரே ரோபோவை மூன்றுக்கும் மாற்றி மாற்றி வைக்கலாமா? விற்பனையாளர் சக்கரம் போட்டுத் தருகிறேன் என்கிறார்.
– பட்டறை உரிமையாளர், சின்னவேடம்பட்டி

வைக்கலாம். உங்களைப் போன்ற பட்டறைக்குத்தான் இந்த முறை மிகவும் பொருந்தும். ஆனால் சக்கரம் போட்டுவிட்டால் மட்டும் ரோபோ இடம் மாறிவிடாது. இதை நான் ஒரு இடியோடு கற்றுக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் இப்படித்தான் சக்கரம் போட்ட மேசையில் ரோபோவைப் பொருத்தினேன். தரையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டு, கோட்டுக்குள் மேசையை நிறுத்தி, பிரேக் போட்டு, வேலையைக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் மேசையை அடுத்த லேத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளி வந்தார்கள். கோட்டுக்குள்தான் நிறுத்தினார்கள். முதல் வார்ப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போன கை, லேத்தில் வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடையில் போய் மோதியது. கிரிப்பரின் விரல் வளைந்தது. நல்லவேளை, மனிதர் யாருக்கும் அடியில்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். இந்த வகைக் கை, சொன்ன இடத்துக்கு 0.05 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஆனால் அது தான் நிற்கும் மேசையிலிருந்துதான் எல்லாவற்றையும் அளக்கிறது. மேசை ஒரே ஒரு பாகை திரும்பி நின்றால், ஒரு மீட்டர் தொலைவில் உள்ள சக்கில் அது 17 மில்லிமீட்டர் விலகலாகிவிடும். பெயின்ட் கோட்டை நம்பி ஒரு பாகைக்குள் மேசையை நிறுத்தவே கண் வேண்டும், 0.05 மில்லிமீட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒவ்வொரு முறையும் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் போனால், பத்து நாளில் இரண்டு முறை மாற்றியதும் உரிமையாளர் சலித்துப்போய் ரோபோவை ஒரே லேத்தின் முன் நிரந்தரமாக நிறுத்திவிடுவார். அப்படி நின்றுபோன மேசைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் வேதனைப்படும்.

அதனால் செலவை முதலில் தரையில் செய்யுங்கள். ஒவ்வொரு லேத்தின் முன்னும் ஒரு கனமான எஃகுத் தட்டைத் தரையில் ஆங்கர் போல்ட் அடித்துப் பொருத்துங்கள். அதில் மேல்நோக்கி மூன்று அரைக்கோளக் குமிழ்கள் இருக்கட்டும், கடினப்படுத்திய எஃகில். மேசையின் அடியில் அவற்றுக்கு நேராக மூன்று இருக்கைகள் வேண்டும். ஒன்று கூம்புக் குழி, ஒன்று வி வடிவப் பள்ளம், மூன்றாவது வெறும் சமதளம். இயற்பியலாளர் கெல்வின் பெயரால் வழங்கும் பழைய அமைப்பு இது. கூம்பு மூன்று அசைவுகளையும், வி பள்ளம் இரண்டையும், சமதளம் ஒன்றையும் கட்டுப்படுத்தும். ஒரு பொருள் அசையக்கூடிய ஆறு வழிகளும் அடைபட்டுவிடும், ஆறுக்கு மேல் ஒன்றும் இராது. நம் வீட்டு முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறதே, அதே நியாயம்தான். இடத்தைப் பிடித்து நிறுத்தும் நான்கு லொக்கேட்டிங் பின் போட்டு இறுக்கினால் துல்லியம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான்காவது பின் மற்ற மூன்றோடு சண்டை போடும், மேசை முறுக்கிக்கொள்ளும்.

தட்டுக்கு மேல் வந்ததும் மேசை இறங்கிக் குமிழ்களில் உட்கார வேண்டும். சக்கரங்கள் தரையைத் தொடவே கூடாது. பிறகு கிளாம்ப். இதை உங்கள் ஊரிலேயே ஒரு நல்ல டர்னரும் கிரைண்டரும் செய்துகொடுத்துவிடுவார்கள். செய்து வாங்கியதும் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜை லேத்தின் மேல் வைத்து, மேசையைப் பத்து முறை கழற்றிக் கழற்றி உட்காரவையுங்கள். பத்து அளவுகளையும் எழுதிப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். ரோபோவுக்குப் புள்ளிகளைக் கற்றுக்கொடுக்கும்போது அதன் அடிப்பாகத்தை வைத்துக் கற்றுக்கொடுக்காமல், லேத்துக்கென்று தனி ஆய அச்சு (அளவுகள் தொடங்கும் புள்ளியும் திசைகளும்) ஒன்றை வரையறுத்து அதிலிருந்து கற்றுக்கொடுங்கள். லேத்தின் மேல் அசையாத மூன்று புள்ளிகள் அதற்குப் போதும். என்றாவது தட்டையே மாற்ற நேர்ந்தாலும் அந்த மூன்றை மட்டும் தொட்டுக் காட்டினால் மற்ற நூறு புள்ளிகளும் தாமாக இடம் பெயரும். அடுத்தது, மூன்றாம் எண் லேத்தில் நின்றுகொண்டு முதல் லேத்தின் புரோகிராமை ஓட்டிவிடும் ஆபத்து. ஒவ்வொரு தட்டிலும் ஒரு மின்னணு அடையாளச் சில்லைப் பதித்துவிடுங்கள். மேசை உட்கார்ந்ததும் அதைப் படித்து, அந்த லேத்துக்குரிய புரோகிராமை மட்டுமே அனுமதிக்க வேண்டும். இதை மனிதரின் நினைவாற்றலிடம் விடாதீர்கள்.

கோபாட் என்கிறார்களே, அது சாதாரண ரோபோவிலிருந்து எப்படி வேறுபடுகிறது?
– ஆசிரியை, தாராபுரம்

எடையைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும். 1961-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு வந்த யூனிமேட் என்னும் முதல் தொழிற்சாலை ரோபோ ஏறக்குறைய 1,800 கிலோ. அதைத் தரையோடு சேர்த்துப் போல்ட் அடித்தார்கள், அருகே மனிதர் போகக்கூடாது. 1990-களின் நடுவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கோல்கேட், பெஷ்கின் என்ற இரு பேராசிரியர்கள், மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கருவிக்கு முயன்றார்கள். கோபாட் (கூட்டாக வேலை செய்யும் ரோபோ, collaborative robot என்பதன் சுருக்கம்) என்ற பெயர் அங்கிருந்து வந்தது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2005-இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனம் 2008-இல் விற்ற முதல் கையின் எடை 20 கிலோவுக்கும் குறைவு, தூக்கும் சுமை 5 கிலோ. எதிலாவது மோதினால் மூட்டில் உணர்ந்து நின்றுவிடும். வீட்டில் உள்ள 230 வோல்ட் மின்சாரமே போதும். கை இவ்வளவு மெலிந்ததால்தான் மேசையோடு சேர்த்துத் தள்ளுவது எளிதானது.

தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் எங்கள் கிடங்கில் வேலை மும்மடங்காகும். பெட்டி அளவுகள் தினமும் மாறும். நிரந்தர கன்வேயர் போட்டால் மற்ற மாதங்களில் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்டிகளைப் பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டில்) அடுக்க நகரும் ரோபோ மேசைகள் உதவுமா?
– கிடங்கு மேற்பார்வையாளர், ஓசூர்

உதவும். கிடங்கில் எதையும் தரையோடு கட்டிவைக்காமல் இருப்பதன் பலனை உலகத்துக்குக் காட்டியது கீவா என்ற நிறுவனம். 2003-இல் தொடங்கினார்கள். மனிதர் அலமாரியைத் தேடிப் போகாமல், அலமாரியே குட்டை ரோபோவின் முதுகில் ஏறி மனிதரிடம் வந்தது. 2012-இல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. கிடங்கின் அமைப்பை ஒரே இரவில் மாற்றிக்கொள்ள முடிந்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனால் வாங்கும்முன் ஒரு கயிற்றையும் அளவு நாடாவையும் எடுங்கள். 10 கிலோ அளவில் தூக்கும் கைகளில் பரவலாக விற்பனையாகும் ஒன்றின் எட்டும் தூரம் 1,300 மில்லிமீட்டர். நம் நாட்டுக் கிடங்குகளில் அதிகம் புழங்கும் பேலட் 1,200-க்கு 1,000. ரோபோவை 1,200 பக்கத்தின் நடுவில், பேலட்டின் ஓரத்திலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால், எதிர் மூலை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 1,342 வரும். எட்டாது! பெட்டியின் நடுவைப் பிடித்தால் போதுமே என்பீர்கள். சரிதான், அதனால் கீழ் அடுக்குகளில் தப்பித்துவிடலாம். ஆனால் அடுக்கு உயர உயரக் கை மேல்நோக்கியும் நீள வேண்டும், அப்போது பக்கவாட்டில் எட்டும் தூரம் குறைந்துகொண்டே வரும். ஆகவே கையை ஏற்றி இறக்கும் தூண் ஒன்றை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். விலைப்பட்டியலில் அது தனியாக இருக்கும், அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டவிடாதீர்கள்.

பெட்டி அளவு மாறுவதால் பக்கவாட்டில் பிடிக்கும் கிரிப்பரைவிட, மேலிருந்து உறிஞ்சும் வேக்குவம் கப் நல்லது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கப், 60 விழுக்காடு வெற்றிடத்தில் ஏறக்குறைய 75 நியூட்டன் விசையோடு பிடிக்கும், அதாவது 7.5 கிலோ. அதை அப்படியே நம்பக்கூடாது. வேகமாகத் திரும்பும்போது பெட்டி வழுக்கும், அட்டை காற்றைக் கசியவிடும். நான்கில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கப்புக்கு 1.9 கிலோ, நான்கு கப்புக்கு 7.5 கிலோ. அட்டைப்பெட்டியின் நடுவில் ஒட்டுநாடா ஓடும் இணைப்பு இருக்கும் அல்லவா, கப் அதன்மேல் உட்கார்ந்தால் கசியும். கப்புகளை இணைப்புக்கு இருபுறமும் விலக்கி வையுங்கள். வெற்றிடத்துக்கு மேசையிலேயே சிறிய மின்பம்ப் இருந்தால் கம்ப்ரஸர் குழாயை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

மேசைகளுக்கு இடையில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும். ஒரே உயரம், ஒரே நீள அகலம், ஒரே பிளக். பெட்டி கட்டும் மேசை, எடை போட்டு பார்கோடு படிக்கும் மேசை, அடுக்கும் மேசை என்று எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் உருளைகள் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். ஒரு மேசை 15 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால் போதும், அதிலிருந்து வரும் பெட்டியின் மூக்கு அடுத்த மேசையில் இடித்து நிற்கும். ஆறு வாரம் முடிந்ததும் அடுக்கும் மேசையை வேறு கிளைக்கு லாரியில் ஏற்றி அனுப்பலாம், அதற்காக அடியில் பேலட் டிரக்கின் முள் நுழையும் இடம் விடச் சொல்லுங்கள்.

எங்கள் வரிசையில் வேலி இல்லாமல் ஒரு ரோபோ மேசையை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். "தொட்டால் நின்றுவிடும், பயப்படாதீர்கள் அம்மா" என்கிறார் மேற்பார்வையாளர். நம்பலாமா?
– பெண் தொழிலாளி, ஒரகடம்

அம்மா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. தொட்டால் கை நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது? கூர்விளிம்புள்ள தகட்டையோ, ஊசியையோ, கத்தியையோ பிடித்திருந்தால், நிற்பதற்குள் அது உங்களைக் கிழித்துவிடும். அப்படியானால் வேலியோ, ஆள் நெருங்கினால் நிறுத்தும் லேசர் ஸ்கேனரோ கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு அழுத்தம் வரை போகலாம் என்பதற்கு உலக அளவில் வரையறை இருக்கிறது. 2016-இல் வந்த ஐஎஸ்ஓ 15066 ஆவணம் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. விரலும் உள்ளங்கையும் நசுங்கும் நிலையில் 140 நியூட்டன், அதாவது 14 கிலோ எடை அழுத்துவது போல. முகத்துக்கு 65 நியூட்டன்தான், பாதிக்கும் குறைவு. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் உங்கள் முகம் இருக்கும் உயரத்தில் அந்தக் கை வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் உடனே சொல்லுங்கள்.

நகரும் மேசையில் இன்னொரு ஆபத்து உண்டு, கவிழ்வது. 800 மில்லிமீட்டர் சதுர மேசையின் நடுவில், 1,300 மில்லிமீட்டர் எட்டும் கை நிற்கிறது. அது முழுதாக நீட்டி 10 கிலோவைப் பிடித்தால், சுமை மேசையின் ஓரத்தைத் தாண்டி 900 மில்லிமீட்டர் வெளியே தொங்குகிறது. கையின் சொந்த எடையிலும் ஒரு பகுதி ஓரத்துக்கு வெளியே இருக்கும். அந்த நிலையில் யாராவது அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால், வேகமாகப் போய்க்கொண்டிருந்த சுமை மேசையை உலுக்கி இழுக்கும். நான் 250 கிலோவுக்குக் குறைந்த மேசையைச் செய்வதில்லை. அதையும் தரையில் கிளாம்ப் போடாமல் ஓட்டவிடுவதில்லை. கிளாம்ப் இறுகாவிட்டால் ரோபோ கிளம்பவே கூடாது என்று மின்சுற்றிலேயே கட்டிவிடுவேன்.

மேற்பார்வையாளரிடம் இதைக் கேளுங்கள்: இந்த இடத்துக்கென்று ஆபத்து மதிப்பீடு எழுதியிருக்கிறீர்களா? மேசை பழைய இடத்தில் இருந்தபோது எழுதியது செல்லாது. இங்கே உங்கள் நாற்காலி இருக்கிறது, அங்கே இருந்திருக்காது. நசுங்கும் இடங்கள் ஒவ்வொரு இடத்திலும் வேறு. விசையைக் கருவி வைத்து அளந்தார்களா என்றும் கேளுங்கள், அதற்கென்று அளவி இருக்கிறது. கேட்பதால் உங்களை யாரும் குறைத்து நினைக்கக்கூடாது. நினைத்தால் அது அவர்களின் தவறு.

லேத்தில் ஜாப் மாட்டிக் கழற்றும் வேலையில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் முதலாளி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மேசை வாங்கப் போகிறார். என் வேலை என்னவாகும் ஐயா?
– ஆபரேட்டர், கணபதி

தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்லமாட்டேன். மாட்டிக் கழற்றும் அந்த அசைவை ரோபோ எடுத்துக்கொள்ளும். 90 விநாடிக்கு ஒன்று என்றால் எட்டு மணி நேரத்தில் 320 வார்ப்புகள். ஒவ்வொன்றும் 6 கிலோ. உள்ளே வைத்து வெளியே எடுப்பதைச் சேர்த்தால், இடைவேளைகளைக் கழித்த பிறகும் ஒரு ஷிப்டில் 3 டன்னுக்கு மேல் உங்கள் தோளில் போகிறது. அந்தச் சுமை இறங்குவதில் எனக்கு மகிழ்ச்சிதான். உங்கள் சம்பளம் இறங்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

மேசையை இடம் மாற்றுவது, கிரிப்பர் விரலை மாற்றுவது, முதல் ஜாப்பை அளந்து பார்ப்பது, அச்சைத் தொட்டுச் சரிபார்ப்பது எல்லாம் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு மனிதர் செய்ய வேண்டிய வேலைகள். இடம் மாறாத ரோபோவுக்கு இவை ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் பட்டறை போன்ற இடத்தில் வாரத்துக்கு மூன்று முறை. அதைச் செய்பவர் வெளியிலிருந்து வரும் பொறியாளராக இருந்தால் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது, நீங்களாக இருந்தால் கட்டுப்படியாகும். இதை அவரிடம் இந்தக் கணக்கோடு சொல்லுங்கள். நான் அமைக்கும் ஒவ்வொரு மேசைக்கும் அந்தப் பட்டறையின் ஆபரேட்டர்கள் இருவருக்குப் பயிற்சி தர அனுமதித்தால்தான் வேலையை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் பதிலில் குமிழ்கள் தரையில் மேல்நோக்கியும், குழிகள் மேசையின் அடியில் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நான் முதலில் தலைகீழாகத்தான் செய்திருந்தேன், குழி தரையில் இருந்தது. லேத்திலிருந்து தெறித்த சிராய் (உலோகச் சீவல்) அந்தக் கூம்புக்குள் விழுந்து, கூலன்ட்டில் ஊறி, மேசை அரை மில்லிமீட்டர் தூக்கி உட்கார்ந்தது. இரண்டு நாள் புரோகிராமில் தவறு தேடினேன். உங்களைப் போல ஜாப் மாட்டும் ஒருவர்தான், "குழி மேலே பார்த்தால் சிராய் விழத்தானே செய்யும் சார், குமிழைக் கீழே வைத்துவிடுங்கள்" என்றார். அன்றிலிருந்து எல்லா மேசைகளையும் அப்படித்தான் செய்கிறேன். அவர் இப்போது அந்தப் பட்டறையில் மூன்று மேசைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

இறுதியாண்டுத் திட்டத்துக்கு ரோபோ கை செய்ய நினைக்கிறோம். நான்கு பேர், கையில் இருக்கும் பணம் மிகக் குறைவு. என்ன செய்யலாம்?
– இயந்திரவியல் மாணவி, திருநெல்வேலி

மகளே, கையைச் செய்யாதீர்கள். செய்து முடிப்பதற்குள் பணமும் ஆண்டும் தீர்ந்துவிடும். மேலே நான் சொன்ன தரைத் தட்டையும் மூன்று இருக்கைகளையும் செய்யுங்கள். ரோபோவுக்குப் பதிலாக 100 கிலோ எடை வைத்த ஒரு சட்டம் போதும். சட்டத்தின் மேலே ஒரு மீட்டர் நீளக் கம்பியை நீட்டி, அதன் நுனியில் டயல் கேஜ் படும்படி செய்யுங்கள். 30 முறை எடுத்து எடுத்து உட்காரவையுங்கள். பிறகு ஒரு சிட்டிகை லேத் சிராயைக் கூம்பு உட்காரும் குமிழின் மேல் போட்டு இன்னும் 30 முறை. பிறகு எண்ணெய் தடவி 30 முறை. ஒவ்வொரு அளவையும், யார் தள்ளினார்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

அந்த 90 அளவுகளை எனக்கு அனுப்பிவையுங்கள். சிராயோடும் எண்ணெயோடும் அளந்த அட்டவணை எதுவும் என்னிடமே இல்லை. வந்ததும் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.